வானொலி கேட்ட ஒரு நாள்: 1926 மே 12

அச்சுப்பொறி எழுத்தைப் பலர்க்கும் பொதுவாக்கியது. வானொலி பேச்சைப் பலர்க்கும் பொதுவாக்கியது. ஆயின் இவ்விரண்டிற்குமிடையே பெரியதொரு வேறுபாடு உண்டு. அச்சிற் கண்டதை மீண்டும் புரட்டிப் பார்க்கலாம். ஒரு பத்திரிகை கூறுவதை மற்றொரு பத்திரிகை கூறுவதோடு ஒப்பிட்டு நோக்கலாம். ஐயந் தோன்றிய இடத்தில் நின்று சிந்திக்கலாம். வானொலியிற் பிறந்த சொல்லோ பிறந்த கணத்திலேயே மறைவது. ஒலிப்பதிவுகள் எளிதிற் கிடைக்கும் இக்காலத்தவர்க்கு இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றாதிருக்கலாம். ஒலிபரப்பின் தொடக்ககாலத்திலோ, உரிய வேளையிற் செவி சாய்த்தவன் கேட்டான், சாய்க்காதவன் இழந்தான். இத்தகைய நிலையில், ஒரு தேசம் முழுவதும் தான் அறியவேண்டியவற்றை வானொலி ஒன்றின் வாயிலாகவே அறிய நேர்ந்தால் விளைவது யாது? கேட்போர் அதனை எத்துணை நம்பலாம்? அவ்வாறு நேர்ந்த ஒரு நாளை எடுத்து, இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் எடுத்துக்கொள்ளும் நாள் 1926ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் திகதி, புதன்கிழமை. இடம் பிரித்தானியா. அங்கு நடந்த பொது வேலைநிறுத்தம் முடிவுற்ற நாள் அது. அந்நாளைய நிகழ்ச்சிகள் நமக்கு முற்றிலும் அந்நியமானவை அல்ல. அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்னரே, 1925 டிசெம்பர் 16 அன்று, தேசாதிபதி சேர் ஹியூ கிளிபோட் கொழும்பு வானொலியைத் தொடக்கிவைத்திருந்தார். அதற்கு வழிகோலியவர், தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக 1921இல் இங்கு வந்த எட்வேட் ஹாப்பர் என்னும் ஆங்கிலேயர். இலங்கை ஒலிபரப்பும் பிரித்தானிய ஒலிபரப்பும் ஏறத்தாழ ஒரே தலைமுறையிற் பிறந்தவை. ஆகவே அங்கு எழுந்த கேள்வி இங்கும் எழுதற்குரியதே.

முதற்கண், அக்காலத்தவர் எவ்வாறு வானொலி கேட்டனர் என்பதை அறிதல் வேண்டும். பிரித்தானிய ஒலிபரப்புக் கம்பனி 1922 நவம்பர் 14 அன்று இலண்டனிலிருந்து நாளாந்த ஒலிபரப்பைத் தொடங்கியது. வானொலிக் கருவிகளைச் செய்வோர் ஒருங்குகூடி அமைத்த கம்பனி அது. கேட்போர் ஒவ்வொருவரும் தபால் திணைக்களத்துக்கு ஆண்டொன்றுக்குப் பத்துச் சிலிங் செலுத்தி அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். 1926இல் அத்தகைய பத்திரங்களின் தொகை 20 இலட்சத்தைத் தாண்டியது. ஒரு பத்திரத்தின் கீழ் ஒரு குடும்பமே கேட்குமாதலின், கேட்டோர் தொகை அதனிலும் பன்மடங்காகும்.

எளியோர் வீடுகளிற் பெரும்பாலும் இருந்தது பளிங்குக் கருவி. கலேனா எனப்படும் ஈயக் கனிமத்தின் சிறு துண்டொன்றும், அதன் மேற்பரப்பைத் தொட்டுநிற்கும் மெல்லிய கம்பியொன்றும் அதன் உயிர்நிலை. அக்கம்பியைப் 'பூனைமீசை' என்றே மக்கள் வழங்கினர். கனிமத்தின் எவ்விடத்திலே தொட்டால் ஒலி பிறக்கும் என்பதைக் கை தடவித் தடவியே காணவேண்டும். ஓர் அதிர்வு நேர்ந்தாலும் கம்பி இடம்பெயர்ந்துவிடும், பேச்சும் நின்றுவிடும். இக்கருவிக்கு மின்கலம் வேண்டுவதில்லை. வீட்டின் வெளியே உயர்ந்த கம்பத்திற் கட்டிய நீண்ட கம்பி வானலையை வாங்க, அவ்வலையின் ஆற்றலே காதுக்கருவியை ஒலிக்கச் செய்தது. ஆதலின் ஒலி மிகவும் மெலிதாயிருந்தது. காதிற் பொருத்திய ஒருவருக்கே அது கேட்கும். குடும்பத்தார் அனைவரும் கேட்க விரும்பினால், காதுக்கருவியை ஒரு பீங்கான் கிண்ணத்துள் இட்டு, அதனைச் சூழ்ந்து தலைகுனிந்து அமர்வர். கிண்ணம் ஒலியைச் சிறிது கூட்டித் தரும்.

வசதி படைத்தோர் வால்வுக் கருவிகளையும் ஒலிபெருக்கிகளையும் வைத்திருந்தனர். அவற்றின் மின்கலங்களை அவ்வப்போது கடைக்குக் கொண்டுசென்று மின்னேற்றி வரவேண்டும். வால்வுக் கருவியைப் பழக்கமற்ற கை திருகினால் அது தானே அலை எழுப்பி, அயல் வீட்டாரின் கருவிகளிலும் ஊளையிடும். சுருங்கக் கூறின், அக்காலத்திற் கேட்டல் என்பது வாளாவிருத்தல் அன்று; அது ஒரு தொழில். கையும் செவியும் கருத்தும் ஒன்றுபட்டாலன்றிக் கேள்வி கைகூடாது. 1925 யூலை 27 அன்று டவென்றி என்னும் ஊரில் நிறுவப்பெற்ற நெட்டலை நிலையம், பட்டினங்களுக்குத் தொலைவிலுள்ள கிராமத்தாரும் பளிங்குக் கருவியாற் கேட்கும் வாய்ப்பை மிகுவித்தது.

சாதாரண நாள்களில் இக்கேட்போருக்குச் செய்தி எப்பொழுது கிடைத்தது? மாலை ஏழு மணிக்கு முன் கிடைப்பதில்லை. வானொலி செய்தி கூறத் தொடங்கினால் தம் விற்பனை குன்றும் என்று பத்திரிகை உரிமையாளர் அஞ்சினர். அவர்தம் வற்புறுத்தலால், ஏழு மணிக்கு முன் செய்தி ஒலிபரப்பலாகாது என்றும், செய்தி நிறுவனங்கள் தருவதையே வாசித்தல் வேண்டும் என்றும் விதிக்கப்பட்டிருந்தது. கருத்து வேறுபாட்டுக்குரிய பொருள்களைப் பற்றி ஒலிபரப்பாளர் பேசுதலும் தடுக்கப்பட்டிருந்தது. ஆகவே வானொலி அக்கால மக்களுக்குப் பெரும்பாலும் இசை தருவது. சிறுவர்க்குக் கதை சொல்வது. அறிஞரின் விரிவுரையை வீட்டுக்குக் கொணர்வது. 1924 பெப்ரவரி முதல் கிறீனிச் வானாய்வுநிலையத்தின் ஆறு குறியொலிகளால் மணிக்கூட்டைத் திருத்திக்கொள்ள உதவுவது. நாட்டு நடப்பை அறிய விரும்பியவர் காலையிற் பத்திரிகையையே நாடினர்.

இந்நிலையை ஓரிரவில் மாற்றியது பொது வேலைநிறுத்தம். நிலக்கரிச் சுரங்க உரிமையாளர் தொழிலாளரின் கூலியைக் குறைக்கவும் வேலைநேரத்தைக் கூட்டவும் முற்பட்டனர். அரசாங்கம் அத்தொழிலுக்கு வழங்கிவந்த உதவிப்பணம் 1926 ஏப்பிரில் 30 அன்று முடிவடைந்தது. புதிய நிபந்தனைகளை ஏற்காத சுரங்கத் தொழிலாளருக்கு வாயிற்கதவுகள் அடைக்கப்பட்டன. அவர்களுக்குத் துணையாகத் தொழிற்சங்கப் பேரவை ஏனைய துறையினரையும் அழைத்தது. மே 3ஆம் திகதி நள்ளிரவோடு புகையிரதம், பேருந்து, துறைமுகம் முதலியவற்றின் தொழிலாளர் வேலையை விட்டனர். வேலையை விட்டு நின்றோர் 15 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அச்சகத் தொழிலாளரும் அவர்களுட் சேர்ந்திருந்தமையாற் பத்திரிகைகளிற் பெரும்பாலன வெளிவரவில்லை. சில ஒற்றைத் தாளாகச் சுருங்கின. அரசாங்கம் 'பிரித்தானிய கசற்' என்னும் தாளை வின்ஸ்ரன் சேர்ச்சிலின் பொறுப்பில் வெளியிட்டது. தொழிற்சங்கப் பேரவை 'பிரித்தானியத் தொழிலாளி' என்னும் தாளை வெளியிட்டது. இரண்டும் கட்சித் தாள்கள். இரண்டிலும் சேராது ஒலித்த குரல் வானொலி ஒன்றே என்று மக்கள் கருதினர்.

ஏழு மணி விதி தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டது. காலை பத்து மணி, பகல் ஒரு மணி, மாலை நான்கு மணி, ஏழு மணி, இரவு ஒன்பதரை மணி என நாளொன்றுக்கு ஐந்து முறை செய்தி அறிக்கைகள் வெளிவந்தன. கருவியில்லாதோர் கருவியுள்ள அயலார் வீட்டை நாடினர். கடைகளின் முன்னே ஒலிபெருக்கியைச் சூழ்ந்து நின்றனர். முன்பு சூரியனும் தொழிற்சாலையின் ஊதொலியும் வகுத்த பகற்பொழுதை, அவ்வொன்பது நாள்களில் வானொலி வகுத்தது எனலாம்.

இனி, மே 12ஆம் திகதியை நோக்குவாம். அன்று காலை பத்து மணி அறிக்கைக்காகக் காதுக்கருவியை அணிந்தவர், வேலைநிறுத்தம் அன்றே முடியும் என்று எண்ணுதற்குப் போதிய காரணம் இருந்திலது. முந்திய நள்ளிரவோடு பொறித்தொழிலாளரும் கப்பல்கட்டுந் தொழிலாளரும் வெளியே வருமாறு அழைக்கப்பட்டிருந்தனர். போராட்டம் விரிவதாகவே தோன்றியது.

நண்பகலை அண்டித் தொழிற்சங்கப் பேரவையின் தலைவர்கள் டவுனிங் வீதிக்குச் சென்று, வேலைநிறுத்தத்தைக் கைவிடுவதாகப் பிரதம மந்திரி ஸ்ரான்லி போல்ட்வினிடம் தெரிவித்தனர். ஒரு மணிக்கு, ஒலிபரப்புக் கம்பனியின் தலைமை நிருவாகியாகிய ஜோன் றீத், சவோய் ஹில் நிலையத்தில் தாமே செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். இடையில் அச்செய்தி அவர் கைக்கு வந்தது. கேட்போர் பல இலட்சம். சொல் வாயினின்று புறப்பட்டால் மீளாது. அவர் பிரதம மந்திரியின் அலுவலகத்தில் அதனை உறுதிசெய்துகொள்ளப் பணித்து, உறுதி கிடைத்த பின்னரே அறிவித்தார். வேலைநிறுத்தம் முடிவுற்றது என்பதை நாடு அறிந்தது இவ்வாறே. ஒரு பெருஞ் செய்தி, நிகழ்ந்து ஒரு மணி நேரமளவில், பட்டினத்து மாளிகைக்கும் கிராமத்துக் குடிசைக்கும் ஒரே கணத்தில், ஒரே குரலிற் சென்றடைந்தமை அக்காலத்தவர்க்கு எத்துணை வியப்பாயிருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மாலை அறிக்கைகள் அச்செய்தியை விரித்தன. இரவில் அரசரின் செய்தியையும் பிரதம மந்திரியின் செய்தியையும் றீத் வாசித்தார். இறுதியில், கவிஞர் வில்லியம் பிளேக்கின் 'எருசலேம்' என்னும் பாடல் இசைக்குழுவோடு ஒலித்தது. இங்கிலாந்தில் ஓர் அறநகரை எழுப்புவோம் என்னும் உறுதி அப்பாடலின் பொருள். நாடு பிளவு நீங்கி ஒன்றாயிற்று என்னும் உணர்ச்சியோடு அந்நாளைய ஒலிபரப்பு நிறைவெய்தியது.

இதுவரை கூறியவை அந்நாளிற் கேட்டவை. கேளாதவை யாவை என்பதையும் நோக்கினாலன்றி ஆராய்ச்சி நிறைவுறாது.

வேலைநிறுத்தத்தின் நடுவில், மே 7ஆம் திகதி, கன்ரபரிப் பேராயர் றண்டல் டேவிட்சன் ஏனைய திருச்சபைத் தலைவர்களோடு சேர்ந்து ஒரு சமாதான வேண்டுகோளை வரைந்தார். தொழிலாளர் வேலைநிறுத்தத்தைக் கைவிடுதல், அரசாங்கம் சிறிதுகாலம் உதவிப்பணத்தை நீடித்தல், சுரங்க உரிமையாளர் புதிய கூலி விகிதத்தை மீளப்பெறுதல் ஆகிய மூன்றும் ஒருங்கே நிகழவேண்டும் என்பது அதன் சாரம். அதனை வானொலியிற் கூற அவர் விரும்பினார். அரசாங்கத்துக்கு அது உவப்பாயில்லை. றீத் அன்று இடங்கொடுக்கவில்லை. நான்கு நாள் கழித்து, மே 11ஆம் திகதியே அது ஒலிபரப்பாயிற்று. தொழிற்கட்சித் தலைவர் றாம்சே மக்டொனால்ட் தாமும் பேச இடந்தருமாறு கேட்டார். றீத் இசைய எண்ணியும் அரசாங்கம் உடன்படாமையால் அவர்க்கும் இடங்கிடைக்கவில்லை. பிரதம மந்திரி போல்ட்வினோ மே 8ஆம் திகதி இரவு, றீத்தின் இல்லத்திலிருந்தே நாட்டுக்கு உரையாற்றினார். எனவே, காதுக்கருவியை அணிந்திருந்த தொழிலாளி தன்னை எதிர்த்தவரின் குரலைக் கேட்டான். தன் சார்பிற் பேசவல்ல தலைவரின் குரலைக் கேட்டிலன்.

இதனாற் செய்தி அறிக்கைகள் பொய் கூறின என்று முடிபுகட்டுதல் பொருந்தாது. வாசிக்கப்பட்ட அறிக்கைகளில் தொழிற்சங்கப் பேரவையின் கூற்றுக்களும் இடம்பெற்றன. வதந்திகள் பல அடங்குதற்கும் வானொலி உதவியது. மேலும், றீத்தின் நிலை இக்கட்டானது. ஒலிபரப்பைக் கைப்பற்றி அரசாங்கத்தின் படைக்கலமாக்க வேண்டும் என்று சேர்ச்சில் முதலியோர் வற்புறுத்தினர். சட்டம் அதற்கு இடமளித்தது. மந்திரிசபை அவ்வாறு செய்வதில்லை என்று உறுதியாகத் தீர்மானித்தது மே 11 அன்றே. அதுவரை, சிறிது வளைந்தேனும் முறியாது நிற்றலே தம் கடன் என்று றீத் கருதினார். அவருடைய வாதம் இவ்வாறு அமைந்தது: அரசாங்கம் மக்களின் சார்பிற் செயலாற்றுகின்றது, ஒலிபரப்பு நிலையமும் மக்களுக்குரியது, ஆதலின் இந்நெருக்கடியில் நிலையம் அரசாங்கத்தின் பக்கமே நிற்றல் வேண்டும். இவ்வாதத்தின் வலிமையும் குறையும் ஒருங்கே வெளிப்படை. அரசாங்கமும் மக்களும் ஒன்று என்று கொண்டவிடத்து, அரசாங்கத்தை எதிர்க்கும் பல இலட்சம் மக்கள் யார் என்ற வினா விடையின்றி நிற்கின்றது.

தொழிற்கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர் எலன் வில்கின்சன் போன்றோர் இக்குறையைப் பின்னர் வெளிப்படையாகக் கண்டித்தனர். முந்திய நாள்களில் வானொலியை நம்பிய தொழிலாளர் பலர் அந்நம்பிக்கையை இழந்தனர் என்பது அவர்தம் முறையீடு. ஒருவர் கூறியது பொய்யென்று காணும்போது மட்டும் நம்பிக்கை குலைவதில்லை. கூறவேண்டியதைக் கூறாது விட்டார் என்று காணும்போதும் குலையும். பின்னையது கண்டுபிடித்தற்கு அரியது. ஆதலின் அதன் காயமும் ஆழமானது.

மே 12ஆம் திகதி இரவொலித்த பாடலுக்கு மீள்வோம். ஒரு நகரத்து வீட்டில் அமைதி திரும்பிற்று என்று மகிழ்ந்தவர்க்கு அது நன்றிப் பாடல். சுரங்கத் தொழிலாளரின் நிலை வேறு. அவர்களுக்காகத் தொடங்கிய வேலைநிறுத்தம், அவர்கள் உடன்பாடின்றியே கைவிடப்பட்டது. அவர்களுக்கு வாயில்கள் திறக்கவில்லை. பசியோடு மேலும் ஆறு மாதம் அவர்கள் நின்று, ஆண்டிறுதியை அண்டிக் குறைந்த கூலிக்கும் நீண்ட வேலைநேரத்துக்கும் இணங்கினர். ஏனைய துறைகளிலும், வேலைக்கு மீண்டோர் பழிவாங்கப்படார் என்னும் உறுதி எதுவும் பெறப்படவில்லை. பிளவு நீங்கிற்று என்று வானொலி கூறிய வேளையிற் பிளவு நீங்கவில்லை. ஒரே பாடல், ஒரே கணத்தில், இரு செவிகளில் இருவேறு பொருளைத் தந்தது. வானொலி குரலை ஒன்றாக்கவல்லது. கேட்போரின் வாழ்வை ஒன்றாக்கவல்லதன்று.

அந்நாளின் பின்விளைவுகளையும் சுருக்கமாகக் குறித்தல் தகும். பத்திரிகைகள் மீண்டும் வெளிவந்ததும் ஏழு மணி விதியும் மீண்டது. ஆயினும் செய்தியறிவிப்பில் வானொலியின் ஆற்றலை ஆள்வோரும் கேட்போரும் அறிந்துவிட்டனர். 1927 சனவரி 1 அன்று, கம்பனி மறைந்து, அரச பட்டயத்தின் வழிப் பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் தோன்றியது. வேலைநிறுத்தமே இம்மாற்றத்துக்குக் காரணம் என்று சிலர் கருதுவர். இதற்கான பரிந்துரையைக் குறோபோட் குழு 1926 மார்ச்சிலேயே, வேலைநிறுத்தத்துக்கு முன்னரே, அளித்திருந்தது. ஆயினும் அரசாங்கத்தினின்றும் வேறாக நிற்கும் ஒலிபரப்பு எதற்காக வேண்டும் என்பதை, எழுத்தில் இருந்த அப்பரிந்துரையினும் தெளிவாக அவ்வொன்பது நாள்களின் அநுபவமே உணர்த்தியது.

இனி நம் நாட்டை நோக்குவோம். இங்கு ஒலிபரப்பு தொடக்கத்திலிருந்தே அரசாங்கத்தின் கையில் இருந்தது. 1949இல் அது 'இலங்கை வானொலி' என்னும் தனித் திணைக்களமாயிற்று, 1967இல் கூட்டுத்தாபனமாயிற்று. திணைக்களம் கூட்டுத்தாபனமாவதாற் குரல் தானே சுதந்திரம் பெற்றுவிடாது. 1997இல், ஒலிபரப்பு அதிகாரசபை ஒன்றை அமைக்க முன்வைக்கப்பட்ட சட்டமூலத்தை ஆராய்ந்த உயர் நீதிமன்றம், வானலைகள் பொதுமக்களின் சொத்து என்றும், அவற்றை நெறிப்படுத்தும் அமைப்பு அரசாங்கத்தின் பிடியினின்றும் நீங்கியதாதல் வேண்டும் என்றும் கருதி, அச்சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்த்தது. 1926இல் சவோய் ஹில்லில் எழுந்த கேள்வியே எழுபது ஆண்டுகளின் பின் கொழும்பில் நீதிமன்றின் முன் நின்றது.

இன்று செய்தியின்மையால் நாம் வருந்துவதில்லை. ஐந்து அறிக்கைகளுக்காகக் காத்திருந்த காலம் போய், கணந்தோறும் செய்தி வந்து குவிகின்றது. எனினும், பளிங்குக் கருவியின் முன் அமர்ந்தவனிடம் நாம் கற்கவேண்டியது ஒன்று உண்டு. அவன் ஒவ்வொரு சொல்லையும் உழைத்துப் பெற்றான். ஆதலின் உன்னிப்பாகக் கேட்டான். அவ்வுன்னிப்போடு, பேசுபவர் யார், பேச இடம் பெறாதவர் யார் என்னும் ஆராய்ச்சியும் சேர்தல் வேண்டும். கேள்விக்கென ஓர் அதிகாரம் வகுத்து அதனைச் செல்வங்களுள் தலையாயதென்று போற்றிய திருவள்ளுவர், எவரிடம் கேட்டதாயினும் அதன் உண்மையைத் தேர்ந்து காண்பதே அறிவு என்பதை அறிவுடைமை என்னும் அடுத்த அதிகாரத்தில் வைத்தார். கேள்வியும் அறிவும் இணைந்தே இயங்கவேண்டும் என்பது அவ்வைப்பு முறையாலும் பெறப்படும். நல்ல ஒலிபரப்பை நாட்டுக்குத் தருவது அரசின் கடனும் ஒலிபரப்பாளரின் கடனும் ஆகும். நன்றாகக் கேட்பது நம் கடனாகும். ஒலித்த குரலை மட்டுமன்றி, ஒலியாது விடப்பட்ட குரலையும் தேடி அறிபவனே நன்றாகக் கேட்டவன் ஆவான்.